காமிராவைக் காப்பாற்றிப் படத்தைத் தொலைப்பவர்கள்

லார்ஜ் ஃபார்மட் காமிராவோடு விமானம் ஏறுவது எப்படி என்று சொல்லித்தரும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வரிசையில்தான் பேசுகின்றன: முதலில் காமிரா, அடுத்து லென்ஸ், பிறகு முக்காலி; கடைசியில், இடம் மிஞ்சினால், ஃபிலிம். கெட்டியான பெட்டி எது, உள்ளே நுரைப்பஞ்சை எப்படி வெட்டிப் பொருத்துவது, பூட்டு எந்த வகை என்று பத்தி பத்தியாக எழுதுபவர்கள், ஃபிலிமைப் பற்றி 'கைப்பையில் வைத்துக்கொள்ளவும்' என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே நம் கட்சி. கடையில் வாங்கக்கூடியதைக் காத்து, எந்தக் கடையிலும் வாங்க முடியாததைப் பறிகொடுக்கும் வரிசை இது.

இக்கருவியோடு பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். இதில் ஃபிலிம் சுருளாக வருவதில்லை. தனித்தனித் தாளாக வருகிறது. 4×5 அங்குலத் தாள் ஒன்றின் பரப்பு, பழைய 35 மி.மீ. சுருளின் ஒரு சட்டகத்தைப்போல் சுமார் 15 மடங்கு. இருபுறமும் ஒவ்வொரு தாள் கொள்ளும் ஹோல்டரில் அதை இருட்டில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்க மலையில் அலைந்து நான்கே தாள்களோடு திரும்புவது இங்கே சாதாரணம். ஒளிபட்ட தாளில், கழுவும்வரை, கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் படம் அதில் விழுந்துவிட்டது. எழுதி முடிக்கப்பட்ட, ஆனால் இன்னும் யாராலும் வாசிக்க முடியாத எழுத்து அது. அதற்கு நகல் கிடையாது.

இலக்கிய வாசகர்களுக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல. 1922 டிசம்பரில் பாரிஸின் கார் தெ லியோன் ரயில் நிலையத்தில் ஹெமிங்வேயின் கையெழுத்துப் பிரதிகள் இருந்த பெட்டி களவு போனது. 1919-இல் டி.ஈ. லாரன்ஸ் தன் பெருநூலின் முதல் வரைவில் பெரும்பகுதியை ரெடிங் ரயில் நிலையத்தில் தொலைத்தார். பிறகு நினைவிலிருந்தே மீண்டும் எழுதினார். எழுத்தாளனுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பாவது உண்டு. புகைப்படக்காரனுக்கு அதுவும் இல்லை. அந்த நாளின் ஒளியை நினைவிலிருந்து மீட்டு எழுத எந்த வித்தகனாலும் ஆகாது.

இதை நன்கு அறிந்தவர் ஃப்ராங்க் ஹர்லி. ஷாக்கில்டனின் 'எண்டியூரன்ஸ்' கப்பல் 1915-இல் அண்டார்க்டிகாவின் பனியில் நொறுங்கியபோது, பாதி மூழ்கிய கப்பலின் உறைநீரில் இறங்கித் தன் கண்ணாடி நெகட்டிவ்களை மீட்டவர் அவர். எல்லாவற்றையும் சுமக்க வழியில்லாததால், ஷாக்கில்டனோடு பனிமேல் அமர்ந்து சுமார் 120 தகடுகளைத் தேர்ந்துகொண்டு, மீதி 400-ஐ உடைத்துப்போட்டார். பின்னாளில் மனம் மாறித் தேடி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே உடைத்தார். தொழில்முறைக் காமிராக்களை அங்கேயே கைவிட்டார். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கோடாக் காமிரா ஒன்றும் மூன்று சுருள்களும் மட்டுமே அவரிடம் எஞ்சின. இன்று உலகம் போற்றும் அந்தப் படங்களை எடுத்த பெரிய காமிரா எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

நம்மூருக்கு வந்த லினேயஸ் டிரைப்பின் கதையும் இதுவே. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-இல் தஞ்சாவூரிலும் மதுரையிலும் பணிபுரிந்த அவர், எடுத்த இடத்திலேயே பூசிக் கழுவ வேண்டிய ஈரக் கண்ணாடித் தகட்டை விடுத்து, முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளத்தக்க மெழுகுக் காகித நெகட்டிவைப் பயன்படுத்தினார். பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிய நெடும்படம் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. நெகட்டிவ் எப்படிப் பயணம் செய்யும் என்பதை முதலில் யோசித்து, மற்றதை அதன்பின் அமைத்துக்கொண்டவர்கள் இவர்கள்.

இன்றைய ஆபத்து பனியோ வெயிலோ அல்ல, எக்ஸ்ரே. செக்-இன் சாமான்களைச் சோதிக்கும் இயந்திரங்கள் கழுவாத ஃபிலிமை மங்கடித்துவிடும் என்பது பல்லாண்டுகளாகத் தெரிந்த விஷயம். கைச்சாமானைப் பார்க்கும் பழைய வகை எக்ஸ்ரே அவ்வளவு கடுமையானதல்ல. வேகம் குறைந்த ஃபிலிம் அதைச் சில முறை தாங்கும். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய இயந்திரங்களின் இடத்தில் இப்போது சி.டி. ஸ்கேனர்கள் வந்துகொண்டிருக்கின்றன. பிரிட்டன் தன் பெரிய விமான நிலையங்களுக்கு 2024 ஜூனைக் கெடுவாக வைத்தது. சில நிலையங்கள் எட்டின, பல எட்டவில்லை. இந்த இயந்திரம் பையைச் சுற்றிச் சுழன்று பல கோணங்களில் கதிர் பாய்ச்சுகிறது. கழுவாத ஃபிலிமை அதில் விடவே கூடாது என்று கோடாக்கும், இல்ஃபோர்ட் ஃபிலிமைத் தயாரிக்கும் ஹார்மனும் எச்சரிக்கின்றன. இதற்குப் பிறகும் 'ஒன்றும் ஆகாது, சார்' என்று புன்னகைக்கும் சோதனைச் சாவடியை நம்பச் சொல்பவர்களை என்னவென்பது?

இன்னொரு சாரார் ஈயப்பையைச் சிபாரிசு செய்கிறார்கள். திரையில் கறுப்புத் திட்டாகத் தெரியும் எதையும் சோதனையாளர் விட்டுவிடுவார் என்று இவர்கள் நினைப்பது வேடிக்கை. பை வெளியே எடுக்கப்படும். மறுபடியும் இயந்திரத்துக்குள் போகும். கவசம் என்று வாங்கியதே சந்தேகத்தை வரவழைக்கிறது.

மூன்றாம் சாரார் 'டிஜிட்டல் இருக்கையில் எதற்கு இந்தப் பாடு?' என்பவர்கள். புதுக்கவிதை இருக்கையில் எதற்கு வெண்பா என்று கேட்பதற்கு ஒப்பானது இது. வடிவத்தைத் தேர்பவன் அதன் கட்டுப்பாட்டையும் சேர்த்தே தேர்கிறான். பதில் தேவைப்படுவது 'ஏன்' என்பதற்கல்ல, 'எப்படி' என்பதற்கு.

எப்படி? பல நிறுவனங்களில் கைச்சாமானின் வரம்பு 7 கிலோ. 8×10 மரக் காமிரா ஒன்றே அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஆகவே காமிரா சரக்கறைக்குப் போகட்டும். துருத்தியை மடித்து, பின்புறக் கண்ணாடிமேல் அதே அளவுப் பலகையை வைத்துக் கட்டி, உடுப்புகளுக்கு நடுவே வைத்தால் அது பிழைக்கும். உடைந்தாலும் கண்ணாடி மாற்றத்தக்கதே. முக்காலியும் அங்கேயே. ஹோல்டர்களைக் காலியாக, தூசு புகாத உறைகளில் இட்டு அனுப்பலாம். போய்ச் சேர்ந்த பிறகு ஏற்றிக்கொண்டால் போதும். ஏற்றிய ஹோல்டரோடு பயணம் செய்வது, எவரேனும் ஆர்வத்தில் மூடித்தகட்டை இழுத்துப் பார்க்க அழைப்பு விடுவதாகும். லென்ஸ்களுக்குக் கைப்பையில் இடமிருந்தால் சரி. ஃபிலிமுக்கு மட்டும் பேரம் இல்லை: அது கையில்தான். 25 தாள் கொண்ட 4×5 பெட்டி கால் கிலோகூட இராது.

சாவடியில் ஃபிலிமைத் தனியே எடுத்து நீட்டி, கையால் சோதிக்கும்படி கேட்க வேண்டும். பெட்டியின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து வெடிமருந்துச் சுவடு பார்க்க முடியும். திறந்துதான் ஆக வேண்டுமென்றால், கைகளை மட்டும் நுழைத்து வேலை செய்யும் கறுப்புத் துணிப்பையை உடன் கொண்டுபோய், அதற்குள் தடவிப் பார்க்கச் சொல்லலாம். சோதனையே வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. வேறு வழியில் சோதியுங்கள் என்கிறோம். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின் 49-ஆம் தலைப்பு, 1544.211 பிரிவு, பயணி கேட்டால் ஃபிலிம் பொதிகளை எக்ஸ்ரேக்கு உட்படுத்தாமல் சோதிக்க வேண்டும் என்கிறது. அங்கே எழுதிவைக்க முடிந்ததை மற்ற நாடுகள் ஏன் சாவடியில் நிற்பவரின் மனநிலைக்கு விட்டுவைக்க வேண்டும்?

அந்த விதியிலும் ஒரு நிபந்தனை உண்டு: பயணி கேட்க வேண்டும். பின்னால் வரிசை முணுமுணுக்கிறதே என்று கூசி, பெட்டியைப் பட்டையில் தள்ளிவிடுபவர்களுக்கு எந்தச் சட்டமும் உதவாது. மறுக்கப்படும் வழியில்தான் திரும்ப வேண்டுமென்றால், புறப்படுமுன் அந்த ஊரிலேயே கழுவிவிடுவது உத்தமம். கழுவிய ஃபிலிமை எந்தக் கதிரும் தீண்டாது. பயணத் திட்டத்தில் அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒதுக்க மனமில்லாதவர்கள் நுரைப்பஞ்சை இன்னும் அழகாக வெட்டிக்கொண்டிருக்கட்டும். அவர்களுடைய காமிரா பத்திரமாக வீடு வந்து சேரும்.