நூறாண்டு அலை என்னும் சொல்மயக்கம்

‘நூறாண்டு அலையைத் தாங்கும் சுவர்’ என்று ஒரு திட்ட அறிக்கை கூறுமாயின், இன்னும் நூறாண்டுக்கு அச்சமில்லை என்றே கேட்போர் கொள்வர். பொருள் அதுவன்று. எந்த ஓர் ஆண்டிலும் அவ்வுயரம் மீறப்படும் நிகழ்தகவு 1 விழுக்காடு என்பதே பொருள். 50 ஆண்டு நிற்கவேண்டிய சுவர், தன் ஆயுளில் ஒருமுறையேனும் அவ்வலைக்கு ஆட்படும் வாய்ப்பு ஏறத்தாழ 39 விழுக்காடு. இதை அறிந்தவர்கள் அறியாதார்முன் அச்சொல்லையே ஆள்வது நேர்மையாகாது.

அந்த 1 விழுக்காடும் எங்கிருந்து வருகிறது? சில பத்தாண்டுத் தரவைக் கம்பெல் பரவலிலோ வைபுல் பரவலிலோ பொருத்தி, வளைவைத் தரவுக்கு அப்பால் நீட்டுகின்றனர். மும்பைக் கடலிலோ அலைகள் இருவகை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் ஆண்டுதோறும் வருவன, புயலலைகள் அரியன. இரண்டையும் ஒரே பரவலில் கலந்தால் வளைவின் சாய்வைப் பருவக்காற்றே முடிவுசெய்யும். ஆனால் சுவரை உடைப்பது புயலாக இருக்கக்கூடும். 2020 ஜூன் 3 அன்று அலிபாக் அருகே நிசர்கா கரையேறியது. 2021 மே மாதம் டவ்தே புயலில் பி-305 மிதவையும் வரப்பிரதா இழுவைக்கப்பலும் மூழ்கி, 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 வரையிலான தரவில் வரைந்த வளைவு இவ்விரண்டையும் அறியாது.

பிழை சிறிதாயினும் விளைவு பெரிது. ஹட்சன் வாய்பாட்டின்படி, காப்புக்கல்லின் எடை அலையுயரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் வளரும். உயரத்தை 10 விழுக்காடு கூட்டவேண்டியிருந்தால் கல்லின் எடையை 33 விழுக்காடு கூட்டவேண்டும்.

‘கரையருகே அலை உடைந்துவிடும், ஆழமே அதன் உயரத்தை வரையறுக்கும்’ என்பர் மறுப்போர். உண்மையே; அவ்வரம்பு ஆழத்தின் ஏறத்தாழ 0.78 மடங்கு. ஆனால் ஆழம் மாறாததா? மும்பையில் பெருவேலியேற்றத்தின்போது நீர்மட்டம் 4.5 மீட்டரையும் கடக்கிறது. அதன்மேல் புயலெழுச்சியும் சேர்ந்தால் உடையாத அலையின் உயரமும் கூடும். ஆகவே அலையையும் நீர்மட்டத்தையும் தனித்தனியே கணித்துப் பயனில்லை. இரண்டும் ஒருங்கே நிகழும் வாய்ப்பைக் கணிக்கவேண்டும்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வேலியேற்றம் மித்தி ஆற்றின் வடிகாலை மறித்தது. மாகிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவியை நனைத்தது அலையன்று, வெளியேற வழியில்லாத நீர். சுவரோடு நின்றுவிடும் கணக்கில் தாராவிக்கு இடமே இல்லை.

எனவே ஒவ்வொரு வடிவமைப்பு அறிக்கையும் ஒற்றை எண்ணோடு நில்லாமல் அதன் நம்பக எல்லைகளையும், கட்டமைப்பின் ஆயுட்கால இடர் விழுக்காட்டையும், பயன்பட்ட தரவையும் பொதுவில் வைக்கவேண்டும். சுவருக்குப் பின்னே வாழ்வோர் ஏற்கும் இடரை, அவர்கள் அறியாமல் ஒரு வளைவின் வாலில் ஒளித்துவைக்கும் உரிமை எந்தப் பொறியாளருக்கும் இல்லை.