ஆளைப் பார்த்து ஓட்டைச் சொல்லலாமா?



தேர்தல் வந்தால் நம்ம சின்னாளப்பட்டி டீக்கடைகளில் ஒரு கணக்கு ஓடும். "அந்தத் தெருவா? அவங்க இந்தக் கட்சிதான்." "வீட்டுல வேற பாஷை பேசுறவங்களா? அப்ப அந்தக் கட்சி." தறி நெய்யும் என் தாத்தாவிடமும் ஒருத்தர் இப்படிச் சொன்னார். தாத்தா சிரித்தார். "மிஷின்கிட்ட போய் நிக்கிற வரைக்கும் எனக்கே தெரியாது. உனக்கு எப்படிப்பா தெரிஞ்சது?"

பிறப்பை வைத்துக் கொள்கையைச் சொல்ல முடியுமா? 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கினார். "அவர் மலையாளி, தமிழுக்கு என்ன செய்வார்?" என்று எதிரிகள் பேசினார்கள். ஏழே மாதத்தில், 1973 மே மாதம், நம்ம திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவர் கட்சி வேட்பாளர் மாயத்தேவர் ஜெயித்தார். பிறகு முதலமைச்சரான எம்.ஜி.ஆர். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். அந்த எழுத்துகளை 1935-லேயே 'குடிஅரசு' இதழில் பயன்படுத்தியவர் பெரியார். அவர் பிறந்தது கன்னடம் பேசும் குடும்பம். இந்தத் தாளில் நான் எழுதும் 'லை', 'னை', 'றா' எல்லாம் அப்படி வந்தவைதான்!

"கட்சிகளே சாதி பார்த்துத்தானே சீட்டு கொடுக்குது?" என்பீர்கள். நிஜம்தான். ஆனால் அது கட்சி போடும் கணக்கு, மக்கள் போடும் கணக்கு வேறு. 1967-ல் காமராஜரே தான் பிறந்த விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் சொந்த ஊர்ப் பாசத்தை மிஞ்சிவிட்டன.

வெளிநாட்டிலும் இதே கதை. கமலா ஹாரிஸின் தாயார் தமிழ்நாட்டுக்காரர். ரிஷி சுனக்கும் இந்திய வம்சாவளிதான். ஆனால் அவர் ஜனநாயகக் கட்சி, இவர் கன்சர்வேட்டிவ் கட்சி.

இதில் நஷ்டம் யாருக்கு? "எப்படியும் நமக்குத்தான் போடுவாங்க" என்று ஒரு கட்சி ஒரு தெருவுக்குள் வராது. "எப்படியும் போடமாட்டாங்க" என்று இன்னொரு கட்சியும் வராது. அந்தத் தெருச் சாக்கடை அப்படியே கிடக்கும்.

நானும் யோக்கியன் இல்லை. வகுப்புத் தலைவர் தேர்தலில் தோற்றபோது, "ஜெயிச்சவன் தெருக்காரன்தானே" என்று ஒரு நண்பன்மேல் சந்தேகப்பட்டுப் பத்து நாள் பேசவில்லை. அவன் எனக்காக ஓட்டுக் கேட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னும் அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

நண்பர்களே, சீக்கிரமே நமக்கும் 18 வயது வரும். ஒருத்தரைப் பார்த்து, "நீங்க எந்த ஆளு?" என்று கேட்பதை விட்டு, "உங்க தெருவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுப் பழகுவோம். ஓட்டு ரகசியம். அது ரகசியமாகவே இருக்கட்டும்!

– பதினோராம் வகுப்பு மாணவன்