எங்கே திரும்புவது?

கோடை விடுமுறை என்று ஒன்று இருப்பதனால்தான் உபாத்தியாயர்கள் வருஷத்தின் மற்ற மாதங்களிலும் உயிரோடிருக்கிறார்கள் என்று ஓர் அபிப்பிராயம் உண்டு. அது முழுப் பொய்யல்ல. ஆனால் அந்த விடுமுறையை எங்கே கழிப்பது என்று யோசிப்பதிலேயே அதில் பாதி கழிந்து விடுவதும் உண்மை. சென்ற ஆண்டு நமக்கு அந்தச் சிரமம் ஏற்படவில்லை. எடின்பரோ நகரில் படித்துக் கொண்டிருக்கும் நம் மருமான், அதாவது தமக்கையின் ஒரே புதல்வன், "மாமா, இந்த விடுமுறைக்கு இங்கே வந்து விடுங்கள். ஹைலண்ட்ஸ் மலைப் பிரதேசத்தில் சைக்கிளில் சுற்றலாம்" என்று அழைத்திருந்தான்.

"நாற்பத்தாறு வயதில் மலை மேல் சைக்கிளா?" என்று வீட்டில் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தினந்தோறும் சைக்கிளில்தானே போகிறோம் என்று கம்பீரமாகப் பதில் சொன்னோம். அந்தப் பதிலில் எவ்வளவு அறியாமை நிறைந்திருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மலைச் சைக்கிள் என்பது நாம் அறிந்த சைக்கிளுக்குத் தூரத்து உறவுதான். பருத்த டயர், செங்குத்தான மேட்டிலும் மிதிப்பதற்கேற்ற பல் சக்கரங்கள், குலுக்கலைத் தாங்கும் முன் கவை, மழையிலும் பிடிக்கும் பிரேக்கு - இவ்வளவும் அதில் உண்டு. இவ்வளவும் இருந்தும், பல இடங்களில் நாம் அதன் மேல் ஏறிச் செல்வதற்குப் பதிலாக அதைத் தள்ளிக்கொண்டுதான் செல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்து தேசத்தின் வடபகுதியாகிய ஹைலண்ட்ஸில், ஊருக்கும் ஊருக்கும் இடையில் ஒரு கடையோ, ஒரு வீடோ, டெலிபோன் பேசுவதற்கு வேண்டிய அலையோ இல்லாத பள்ளத்தாக்குகள் பல உண்டு. பள்ளத்தாக்கை அவர்கள் 'க்ளென்' என்கிறார்கள். ஆகவே அங்கே சவாரி என்பது முதலில் மேஜை மேல் நடக்கிறது. பிறகுதான் மலை மேல் நடக்கிறது. மருமானுடைய அறையில் மூன்று இரவுகள் இந்த மேஜைச் சவாரி நடந்தது.

ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் ஸ்தாபனம் வெளியிடும் தேசப்படங்களில் 43-வது தாளை அவன் விரித்து வைத்தான். அதில் 2 செண்டிமீட்டர் நிலத்தில் 1 கிலோமீட்டர். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஒரு கோடு. கோடுகள் நெருங்கினால் ஏற்றம், விலகினால் சமவெளி. எடின்பரோவிலிருந்து இன்வர்னெஸ் செல்லும் ரயில் மார்க்கத்திலுள்ள ப்ளேர் ஆதால் என்ற சிற்றூரில் இறங்கி, க்ளென் டில்ட் பள்ளத்தாக்கின் வழியாக வடக்கே ஏறி, மறுபக்கம் டீ நதிக்கரையில் இறங்கி ப்ரேமார் என்ற ஊரில் தங்குவது முதல் நாள் ஏற்பாடு. டீ நதி என்றதும் நம் நாவில் ஜலம் ஊறியது. அது வெறும் தண்ணீர்தான் என்று மருமான் விளக்கினான். மறுநாள் க்ளென் பெஷி என்ற வேறொரு பள்ளத்தாக்கின் வழியாகக் கிங்குஸி ஊரை அடைந்து மீண்டும் ரயில் ஏறலாம். ப்ரேமாருக்கு ரயில் கிடையாது; ஆகையால் போவதைப் போலவே வருவதையும் முன்கூட்டித் தீர்மானித்தாக வேண்டும். ரயிலிலும் சைக்கிள்களுக்குச் சில இடங்களே உண்டு என்பதால் அவற்றை முன்னதாகவே பதிவு செய்தோம்.

"இவ்வளவு நிலமும் யாருடையது? உள்ளே போனால் துரத்த மாட்டார்களா?" என்று நாம் கேட்டோம். நம் நாட்டு அனுபவத்தில் உதித்த கேள்வி இது. அதற்குக் கிடைத்த பதில் உபாத்தியாயர் என்ற முறையில் நமக்கு மிகுந்த பெருமையளித்தது.

1847-ம் ஆண்டில் எடின்பரோ சர்வகலாசாலையின் தாவர சாஸ்திரப் பேராசிரியர் ஜான் ஹட்டன் பால்பர் என்பவர் தம் மாணவர்களுடன் செடி கொடிகளை ஆராய்ந்துகொண்டு இதே க்ளென் டில்ட் வழியாக வந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரரான ஆதால் டியூக்கும் அவருடைய வேட்டைக் காவலர்களும் வழி மறித்தனர். மான் வேட்டைக்கான இடத்தில் மாணாக்கர்களுக்கு என்ன வேலை என்பது டியூக்கின் கட்சி. இது ஜனங்கள் வெகு காலமாக நடந்து வந்த பாதை என்பது பேராசிரியரின் கட்சி. விவகாரம் நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. பாதை பொது ஜனங்களுடையதாகவே நிலைத்தது. அதன் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ காலம் வாதாடியதன் பயனாக, 2003-ம் ஆண்டில் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்ட் ஒரு நிலச் சட்டம் இயற்றியது. அதன்படி நிலம் யாருடையதாயினும், பொறுப்போடு நடந்துகொள்கிற எவரும் கால்நடையாகவோ, குதிரை மீதோ, சைக்கிளிலோ அதன் வழியாகச் செல்லலாம். மோட்டாருக்கு அந்த உரிமை இல்லை; பயிர் நிலத்துக்கும் வீட்டை அடுத்த தோட்டத்துக்கும் விலக்கு உண்டு. திறந்த கதவை மூட வேண்டும், ஆடுமாடுகளை வெருட்டலாகாது, மான் வேட்டை மும்முரமாக நடக்கும் இலையுதிர் காலத்தில் எந்தப் பக்கம் வேட்டை என்று விசாரித்துக்கொண்டு செல்ல வேண்டும்.

இதைக் கேட்டதும், இனி நமக்குத் தடையே இல்லை என்று எண்ணினோம். நிற்க.

வழியைப் போலவே பொழுதையும் கணக்கிட வேண்டும். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ம் ஆண்டில் நடப்பவர்களுக்கென்று ஒரு வாய்ப்பாடு சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி, ஏறும் 2,000 அடிக்கு இன்னும் ஒரு மணி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் இடங்களுக்கு இந்த வாய்ப்பாடே போதும் என்று வைத்துக்கொண்டோம். நல்ல வண்டிப் பாதைக்கு மணிக்கு 10 கிலோமீட்டர். சூரியனோ மே மாதக் கடைசியில் இரவு ஒன்பதரை மணிக்குப் பிறகுதான் அஸ்தமிக்கிறான். டிசம்பரில் அங்கே பகல் 7 மணி நேரங்கூட இல்லை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெளிச்சம் இருந்தாலும் 'மிட்ஜ்' என்னும் பொடிக் கொசு காற்றில்லாத மாலை வேளைகளில் மேகம் போல் வந்து கடிக்கும். ஆகவே மே மாதமே உத்தமம் என்று முடிவாயிற்று. இரண்டு டியூப், ஒட்டுப் போடும் சாமான், பம்ப், அறுந்த செயினைச் சேர்க்கும் கொக்கி, மழைச் சட்டை, மாற்று உடுப்பு, இரண்டு வேளை ஆகாரம் ஆகியவை மூட்டையில் ஏறின.

கடைசி இரவு நாம் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதினோம். கெல்டி என்ற ஓடை வழியில் குறுக்கிடுகிறது. அதற்குப் பாலம் கிடையாது என்று தேசப்படம் காட்டியது. ஆகவே: "பிற்பகல் 2 மணிக்குள் கெல்டியை அடையாவிட்டால் திரும்புவது. தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் திரும்புவது."

மருமான் சிரித்தான். "பரீட்சை மண்டபத்து விதிகள் மாதிரி இருக்கின்றன, மாமா!" என்றான். இருந்தாலும் அதைத் தேசப்படத்தின் உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான். எடின்பரோவிலிருந்த தன் சிநேகிதனிடம், "இரவு 9 மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் போலீசுக்குத் தெரிவி" என்றும் சொல்லி வைத்தான்.

ப்ளேர் ஆதாலில் இரவெல்லாம் மழை பெய்தது. காலையில் மேகம் விலகிற்று. 8 மணிக்குப் புறப்பட்டோம். முதல் 13 கிலோமீட்டர் நல்ல பாதை. நேர் கோடு பிடித்தாற்போன்ற பள்ளத்தாக்கு. பக்கத்தில் டில்ட் நதி. இருபுறமும் பசும் புல் சரிவுகள். முன்னொரு காலத்தில் குடிகள் வாழ்ந்த வீடுகளின் இடிந்த கற்சுவர்கள் அங்கங்கே புல்லுக்குள்ளிருந்து தலை நீட்டின. பிறகு பாதை ஒடுங்கியது. கற்களும் சேறும் மாறி மாறி வந்தன. ஏறினோம், இறங்கினோம், தள்ளினோம், மீண்டும் ஏறினோம்.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு, டார்ப் என்னும் காட்டாறு டில்ட் நதியில் வந்து விழும் இடத்தை அடைந்தோம். அங்கே ஒரு சிறு தொங்கு பாலம் இருக்கிறது. 1861-ம் ஆண்டில் விக்டோரியா ராணி குதிரை மேலிருந்தபடி இந்த ஆற்றைக் கடந்தாள். வழிகாட்டியாகக் கூட வந்தவர் பேராசிரியரைத் தடுத்த அதே டியூக்தான். ராணியைச் சுற்றிலும் ஆட்கள் இருந்தனர். 1879-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் ஜான் பெட்போர்டு என்ற பதினெட்டு வயது வாலிபன் இதே இடத்தருகே தண்ணீரில் மூழ்கி இறந்தான். அவன் நண்பர்களும் பிறரும் கொடுத்த பணத்தைக் கொண்டு, வழியுரிமைக்காகப் பாடுபட்ட சங்கத்தார் 1886-ல் இந்தப் பாலத்தைக் கட்டினர். அவன் பெயரும் வயதும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு அப்பால் போனோம். கீழே டார்ப் இரைந்துகொண்டிருந்தது.

நீர் பிரியும் மேட்டைத் தாண்டிக் கெல்டியின் கரையை அடைந்தபோது மணி ஒன்றரை. முதல் விதியில் தேறினோம். இரண்டாவது விதி நம் எதிரே பழுப்பு நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. அகலம் அதிகமில்லை. அக்கரையில் நல்ல வண்டிப் பாதை தெரிந்தது. அங்கிருந்து ப்ரேமார் வரை இனிப் பெரும்பாலும் இறக்கம். ஒரு கழியை ஊன்றிப் பார்த்தோம். கரையருகிலேயே முழங்காலைத் தொட்டது. நடுவில் எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. நீருக்கடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு வரியையும் எழுதிய நாமே, சட்டையை மடித்துக்கொண்டு, "கடந்து விடலாம்" என்றோம். ப்ரேமாரில் அறைக்குப் பணம் கட்டியாகி விட்டது. அது திரும்பி வராது. மறுநாள் ரயிலில் இடம் பதிவாகியிருக்கிறது. வந்த வழியே போவதென்றால் இன்னும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எல்லாவற்றுக்கும் மேலாக, பல ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்து ஓர் ஓடைக்கு முன்னால் தோற்றுப் போவதா என்ற எண்ணம். மேஜை முன் இருந்தபோது நமக்கிருந்த புத்தி, கரையில் நின்றபோது இல்லை.

மருமான் ஒன்றும் வாதாடவில்லை. உறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நம் கையில் கொடுத்தான்.

"இது உங்கள் கையெழுத்துத்தானே, மாமா?" என்றான்.

நம்முடையதுதான். அதே கையெழுத்தில் எத்தனையோ பிள்ளைகளுடைய நோட்டுப் புத்தகத்தில் 'விதியை மீறாதே' என்று எழுதியிருக்கிறோம். சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினால் சக்கரங்களைத் தண்ணீர் இழுக்கும். இழுத்தால் நாம் விழுவோம். விழுந்தால் அவன் குதிப்பான். அவன் குதிப்பான் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. அப்பொழுதுதான் தமக்கையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. மடித்த சட்டையைக் கீழே இறக்கி விட்டோம்.

திரும்பிய வழி நீண்ட வழி. டார்ப் பாலத்தை இரண்டாம் முறை கடந்தபோது அதன் மீது கையை வைத்துச் சற்று நின்றோம். ப்ளேர் ஆதாலை அடைந்தபோது மாலை எட்டரை மணி. வெயில் இன்னும் மலை உச்சியில் இருந்தது. டெலிபோனில் அலை கிடைத்தவுடன் மருமான் முதலில் தன் சிநேகிதனுக்குச் செய்தி அனுப்பினான். ஒன்பதாவதற்கு அரை மணி பாக்கி.

இரண்டு நாட்களுக்குப் பிறகு, அந்த வழியாக வந்த ஒரு சைக்கிள்காரரைச் சந்தித்தோம். கெல்டியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் என்றார். மலை ஓடைகளின் சுபாவம் அது. சில மணி நேரத்தில் ஏறும், அவ்வாறே இறங்கவும் செய்யும். மருமான் நம்மைப் பார்த்தான். நாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

ஒரு பாதையில் செல்வதற்குள்ள உரிமையைப் பேராசிரியர்கள் வாதாடி வாங்கித் தரலாம். பார்லிமெண்ட் சட்டம் செய்து தரலாம். ஆற்றில் வெள்ளம் வந்திருக்கும் நாளில் அவர்களில் ஒருவரும் நம் பக்கத்தில் நிற்பதில்லை. ஆகையால் தூர தேசத்து மலைகளில் விடுமுறைச் சவாரிக்குத் திட்டமிடும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: போகும் இடத்தை எழுதுமுன், திரும்பும் இடத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதை வீட்டில் உட்கார்ந்து, கால் நனையாமல் இருக்கும்போதே எழுதுங்கள். காகிதத்தை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள்; கூட வருகிறவரிடம் கொடுத்து விடுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் தமக்கையைப் பார்க்கச் சென்றோம். "எவ்வளவு தூரம் போனீர்கள்? மலையைத் தாண்டினீர்களா?" என்று கேட்டாள்.

பாதி வழியில் திரும்பி விட்டோம் என்று சொன்னோம். காரணம் கேட்டாள்; முழுவதும் சொன்னோம், காகிதத்தை நீட்டியவன் யார் என்பது உட்பட.

தமக்கை சற்று நேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, "சாப்பிட்டாயோ இல்லையோ, இலை போடுகிறேன்" என்று உள்ளே எழுந்து போனாள்.