வெயிலின் வடுவும் ஒளிச் சிகிச்சையும்

போர்ட் கொச்சியின் ‘வெளி’ என்னும் பகுதியிலுள்ள தோபிகானா என்னும் சலவைக் கூடத்தில், டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்தாரின் உடுப்புகளை வெளுப்பதற்கென்று தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர், கஞ்சி தோய்த்த வேட்டியின் நுனியை முறுக்குக் கயிற்றின் புரிகளுக்கிடையே செருகி, கிளிப் ஒன்றும் இல்லாமலே காற்றுக்கு அசையாதபடி காயப்போடும் நேர்த்தியை வியந்து செல்வோர் பலர். துணிக்கு வெண்மையூட்டும் அந்த வெயிலே அவர்களுடைய கன்னத்தையும் கழுத்தையும் முன்கையையும் கருக்கித் தடிக்கச் செய்வதைக் கவனிப்போர் மிகச் சிலர்.

பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கேயுள்ள இவ்வூரில், கடற்காற்று உடம்பைக் குளிர்விக்குமேயன்றிப் புற ஊதாக் கிரணங்களின் உக்கிரத்தைத் தணிப்பதில்லை. மங்கு, கருந்திட்டு, ஆழ்ந்த சுருக்கம் ஆகியவை வயதின் இயல்பென்று நாம் சமாதானம் கூறிக்கொள்கிறோம். அவற்றில் பெரும்பங்கு சூரியனால் விளைந்த சேதமே.

இச்சேதத்துக்கு ஒளியைக் கொண்டே பரிகாரம் தேடியது விஞ்ஞானத்தின் அரிய சாதனை. 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டிய சில ஆண்டுகளுக்குள், லியான் கோல்ட்மன் என்னும் அமெரிக்க வைத்தியர் அதைச் சருமத்தில் பரீட்சித்தார். தக்க அலைநீளமும் தக்க நொடிப்பொழுதும் அமைந்தால், சுற்றியுள்ள திசுவுக்கு ஊறு நேராமல் நிறமியை மட்டும் சிதைக்கலாம் என்னும் தத்துவத்தை 1983-இல் ஆண்டர்சனும் பாரிஷும் விளக்கினர்.

ஆயினும் அந்த நிறமியாகிய மெலனின் நம்மவர் தோலில், திட்டில் மட்டுமன்றி எங்கும் நிறைந்திருக்கிறது. வெள்ளையருக்கு ஏற்ற அளவிலேயே ஒளியைச் செலுத்தினால், நல்ல தோலும் அதை உறிஞ்சிச் சூடேறி, கொப்புளித்து, முன்னிலும் கருத்த தழும்பாக நின்றுவிடக்கூடும். மங்கோ வெப்பத்தாலேயே அதிகரிக்கும் சுபாவமுடையது. ஆழமாகச் செல்லும் 1064 நானோமீட்டர் ஒளி நம் தோலுக்கு ஒப்பளவில் அபாயம் குறைந்ததென்றாலும், எவருக்கு, எவ்வளவு, எத்தனை இடைவெளியில் என்று நிச்சயிக்கத் தோல் வைத்தியரின் பயிற்சி இன்றியமையாதது. மேலும், கரும்புள்ளியெல்லாம் வெயிலால் வந்ததன்று. அபூர்வமாகப் புற்றும் அவ்வுருவில் ஒளிந்திருக்கும். பரிசோதியாமல் அதைச் சுட்டழிப்பது, நோயின் தடயத்தை அழித்து நோயை உள்ளே வளரவிடுவதாகும்.

ஆகவே லேசர்க் கருவியை அழகு நிலையத்தின் அலங்காரச் சாதனமாக எண்ணுவதை விடுத்து, அறுவைக் கத்திக்கு நிகரான வைத்திய ஆயுதமாகவே சட்டம் கருத வேண்டும். முகப்பொலிவு வியாபாரத்தை அதன் போக்கில் விட்டால் நேரும் விபரீதத்தை, பாதரசம் கலந்த சிவப்பழகுக் களிம்புகளைப் பூசியோருக்குச் சிறுநீரகம் பழுதானதாக 2023-இல் மலப்புறத்து மருத்துவர்கள் கண்டறிந்தபோதே கேரளம் உணர்ந்திருக்கிறது.

ஒளிச் சிகிச்சை வசதியுள்ளோரின் ஆடம்பரமல்லவா என்று வினவுவோர், வெயிலில் வெந்து பிழைப்பவர் யாவர் என்று சிந்தித்துப் பார்க்கட்டும். வேனிற்காலத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்தவெளித் தொழிலாளருக்கு ஓய்வளிக்கக் கேரள அரசு ஆண்டுதோறும் ஆணையிடுவது போற்றத்தக்கதே. ஆனால், தனக்குத் தானே முதலாளியாய் உள்ள சலவைத் தொழிலாளிக்கு ஓய்வளிக்க ஆளில்லை. துணி உலர்வதும் அந்நேரத்திலேதான். அகன்ற தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வெயில் தடுப்புக் களிம்பும் அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கவும், கயிற்று வரிசைகளின் ஓரத்தில் நிழற்பந்தல் அமையவும், மாவட்ட அரசு மருத்துவமனைகளில் தேர்ந்த தோல் வைத்தியரின் பரிசோதனையும் அவசியமானோர்க்கு ஒளிச் சிகிச்சையும் எளிதில் கிட்டவும் அரசு ஏற்பாடு செய்வதே நியாயம். ஏனெனில், நாள்தோறும் வெயிலுக்கே திரும்ப வேண்டியவர்க்கு, நிழலைத் தராமல் லேசரை மட்டும் தருவது எவ்விதப் பிரயோஜனமும் அற்றது.