வங்கி வாயிலில் ஓர் எல்லைக் காவல்

ஒருவன் ஒரு நாட்டிலே சட்டப்படி வாழ்கிறான் என்பதற்குச் சாட்சி எது? அவன் செய்யும் தொழிலா? செலுத்தும் வரியா? அவனை நன்கறிந்த அயலவரின் வாக்கா? மேல்நாடுகள் பலவற்றில் இக்கேள்விக்கு விடை கூறும் இடமாக இன்று வங்கி அமைந்துவிட்டது. குடாநாட்டிலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலைநாட்டிலும் பிள்ளைகளைப் பிறநாடுகளுக்கு அனுப்பிவிட்டுச் செய்திக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ! ஆதலின், இது நமக்குப் புறம்பான விஷயம் என்று எவரும் தள்ளிவிட முடியாது. சட்டப்படி வாழும் ஒவ்வொருவருக்கும் வங்கிக் கணக்கு ஓர் உரிமை. குடிவரவுக் காவலை வங்கி எழுதுவினைஞரின் கையில் ஒப்படைப்பது அநீதி. இவ்விரண்டையும் வாசகர்களின் ஆலோசனைக்கு முன்வைக்க விரும்புகிறோம்.

அன்று மலாயா, இன்று இலண்டன்

நம்மவர் கடல் கடந்தது இன்று நேற்றன்று. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலந் தொட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் உத்தியோகம் வகித்தனர். ஒரே பேரரசின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அவர்கள் சென்றனர். உழைத்தனர், ஓய்வு பெற்றனர், மலாயாப் பென்ஷன்காரர் என்ற பெயரோடு ஊர் திரும்பினர். அவர்களுடைய ஓய்வூதியப் பணத்தால் எத்தனையோ கல்வீடுகள் எழுந்தன. எத்தனையோ பிள்ளைகள் படித்தனர்.

இன்று புறப்படும் இளைஞனின் பாதை அத்தகையதன்று. அவன் விமானம் ஏறுமுன்னரே வங்கி அவனை நிறுத்தி விசாரிக்கிறது. பிரித்தானியாவுக்குப் படிக்கச் செல்ல விண்ணப்பிப்பவன், கல்விக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கிலே குறையாது இருந்ததைக் காட்டல் வேண்டும். ஜேர்மனிக்குச் செல்பவன் ஒரு முடக்கக் கணக்கிலே ஆண்டுச் செலவை முற்கூட்டியே இட்டு, மாதந்தோறும் ஒரு பங்கை மட்டும் எடுக்கலாம். அத்தொகை 2024 செப்டெம்பரில் 11,904 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு கடிதத்தோடு முடியும் காரியம். கமக்காரன் வீட்டுப் பிள்ளைக்கோ காணி உறுதியை ஈடு வைத்து, வட்டிக்குப் பணம் பெற்று, இருபத்தெட்டு நாளும் வயிற்றிலே நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டிய சோதனை.

போய்ச் சேர்ந்த பின் வேறொரு சக்கரம் சுழலத் தொடங்குகிறது. கணக்குத் திறக்கச் சென்றால் வங்கி விலாசத்துக்கு அத்தாட்சி கேட்கிறது. விலாசம் பெற வீடு தேடினால் வீட்டுக்காரன் வங்கிக் கணக்கைக் கேட்கிறான். வேலை கொடுப்பவனும் சம்பளத்தை வங்கியில் இடவே விரும்புகிறான். ஜேர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சிக் காரியாலயத்திலே பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் எழுத்திலே உறுதி தரவேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்றில்லை, எதை முதலிற் பெறுவது?

கணக்கு வெறும் பணப்பெட்டியாயின் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. காலஞ் செல்லச் செல்ல அதுவே அவனுடைய வாழ்க்கைப் பதிவேடாக மாறுகிறது. மனைவியைப் பிரித்தானியாவுக்கு அழைக்க விண்ணப்பிப்பவருக்கு வேண்டிய ஆண்டு வருமானம் 2024 ஏப்பிரலில் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. சம்பளத்தில் வாழ்பவர் அதனைச் சம்பளச் சீட்டுக்களாலும் அதே காலத்து வங்கிக் கூற்றுக்களாலும் நிரூபிக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒரு வீட்டில் வாழ்ந்ததைக் காட்டவும், இத்தனை ஆண்டு அந்நாட்டில் இருந்ததைக் காட்டவும் வங்கிக் கடிதமே நம்பத்தக்க சான்றாக முன்வைக்கப்படுகிறது. கணக்கில்லாதவன் பத்தாண்டு வாழ்ந்தாலும் அவ்வாழ்வுக்குச் சான்று காட்ட இடர்ப்படுகிறான். நிரந்தர வதிவிடம் என்னும் கதவுக்குரிய திறவுகோல்களுள் ஒன்று வங்கியிடம் இருக்கிறது.

சட்டம் செய்த கைங்கரியம்

இந்நிலையிலே பிரித்தானியப் பாராளுமன்றம் 2014 ஆம் ஆண்டில் ஒரு குடிவரவுச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டில் தங்க அனுமதியில்லாத ஒருவருக்கு வங்கிகள் நடைமுறைக் கணக்குத் திறத்தலாகாது என்று அச்சட்டம் தடுத்தது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஏற்கெனவே உள்ள கணக்குகளையும் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும் என்றது. 2018 தொடக்கத்தில் ஏறக்குறைய 7 கோடி கணக்குகள் இச்சோதனைக்கு உட்பட்டன. உள்நாட்டமைச்சு பெயர்ப்பட்டியல் கொடுக்கும். வங்கி அதனோடு ஒப்பிடும். பெயர் பொருந்தினால் கணக்கு முடக்கப்படலாம் அல்லது மூடப்படலாம்.

பட்டியல் பிழையாயின்? அவ்வாறு நேரும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்தது. குடிவரவுப் பகுதியின் சுயாதீனப் பிரதம பரிசோதகர் 2016 இல் வெளியிட்ட அறிக்கைக்காகக் கணக்கு மறுக்கப்பட்டோரின் ஒரு தொகுதியை ஆராய்ந்தபோது, ஏறக்குறையப் பத்தில் ஒருவர் பட்டியலிலே தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தார். கமத்திலே பத்துக்கு ஒரு நாற்று பிழைத்தால் மீண்டும் நடலாம். கணக்கு மறுக்கப்பட்டவனுடைய சம்பளத்தையும் வாடகையையும் மானத்தையும் யார் மீட்டுக் கொடுப்பது?

விண்ட்றஷ் விவகாரம் இதைவிடப் பெரிய பாடத்தைப் புகட்டியது. 1948 ஜூன் மாதத்தில் மேற்கிந்தியத் தீவு மக்களை ஏற்றிக்கொண்டு தில்பரித் துறையை அடைந்த கப்பலின் பெயர் அது. அன்று தொடக்கம் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள், பிரித்தானியாவின் வைத்தியசாலைகளிலும் போக்குவரத்திலும் உழைத்து அந்நாட்டைக் கட்டியெழுப்பினர். 1973 ஆம் ஆண்டுக்கு முன் வந்து குடியேறியோர் தங்கியிருக்கும் உரிமை பெற்றவர்கள். ஆயினும் பலருடைய கையிலே அவ்வுரிமையைக் காட்டும் கடிதம் இருக்கவில்லை. அவர்களுடைய வருகையைக் காட்டக்கூடிய பழைய தரையிறங்கு அட்டைகளை உள்நாட்டமைச்சே 2010 இல் அழித்துவிட்டது. பின்னர் அதே அமைச்சு அவர்களிடம் அத்தாட்சி கேட்டது! வேலை போயிற்று, வீடு போயிற்று, சிலருக்கு வைத்தியமும் வங்கிக் கணக்கும் போயின. 83 பேர் நாட்டை விட்டே அகற்றப்பட்டிருந்தனர் என்பதை அரசாங்கம் ஒப்புக்கொள்ள நேரிட்டது. உள்நாட்டு மந்திரி அம்பர் றட் 2018 ஏப்பிரலில் பதவி துறந்தார். கணக்குச் சோதனையும் அவ்வாண்டிலே நிறுத்தப்பட்டது. 2020 மார்ச்சில் வெளிவந்த வென்டி வில்லியம்சின் மீளாய்வு, இத்தீங்கை முன்னரே கண்டு தவிர்த்திருக்கலாம் என்று தீர்ப்புக் கூறியது.

இத்தனைக்கும் பின், 2023 ஆம் ஆண்டில் வங்கிகளுடன் பட்டியலைப் பகிரும் ஏற்பாடு மீண்டும் உயிர் பெற்றது. வதிவிட அனுமதி அட்டைகளும் 2024 டிசெம்பர் 31 உடன் காலாவதியாகும்படி செய்யப்பட்டு, மின்னணு விசா புகுத்தப்பட்டது. சான்று இனி மனிதனுடைய சட்டைப்பையில் இல்லை. அரசாங்கத்தின் கணினியில் இருக்கிறது. அட்டையை அழித்த கை கணினிப் பதிவிலும் தவறிழைக்காது என்று யார் உறுதி கூறுவர்?

எதிர்வாதமும் விடையும்

தன் நாட்டுக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்க ஓர் அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லையா என்று கேட்பர் சிலர். உண்டு. கள்ளப் பணம் வங்கிக்குள் நுழையாது காப்பது கடமையல்லவா என்பர். கடமையே. அதற்காக ஆளை அடையாளம் காண்பதையோ, பணத்தின் ஊற்றை விசாரிப்பதையோ நாம் மறுக்கவில்லை. குடிவரவுச் சட்டம் நீதிபதிகளுக்கே சிக்கலானது. அதனைக் கணக்கு முகப்பில் இருக்கும் எழுதுவினைஞரிடம் கொடுத்துத் தீர்ப்புச் சொல் என்றால் அவர் என்ன செய்வார்? சந்தேகமான இடத்தில் இல்லையென்று சொல்லுவதே அவருக்குப் பாதுகாப்பு. பெயர் நீளமானவனும், நிறம் கறுத்தவனும், கடவுச்சீட்டு வேற்றுநாட்டதானவனுமே அந்தச் சந்தேகத்துக்கு முதலில் ஆளாவார்கள்.

வங்கி மூடிய கதவு பணத்தின் போக்கை நிறுத்திவிடுகிறதா? அதுவும் இல்லை. வங்கியால் விலக்கப்பட்டவன் கையிற் கூலி வாங்குகிறான். கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளியை எதிர்த்துப் பேச அஞ்சுகிறான். ஊருக்கு அனுப்பும் காசை உண்டியல்காரனிடம் ஒப்படைக்கிறான். கண்ணுக்குத் தெரிந்து ஓடிய பணம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. கள்ளப் பணத்தைத் தடுக்கப் பிறந்த சட்டம் அதற்கே வழி வெட்டிக்கொடுக்கிறது.

வேறு வழி உண்டா? உண்டு, அது ஏட்டிலே எழுதப்பட்டும் இருக்கிறது. பிரான்சில் 1984 ஆம் ஆண்டு வங்கிச் சட்டம் கணக்குப் பெறும் உரிமையை ஏற்றது. வங்கி மறுத்தால் அந்நாட்டின் மத்திய வங்கி வேறொரு வங்கியைக் குறித்து, கணக்கைத் திறக்கும்படி பணிக்கும். 2014 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த பணிப்புரை, ஒன்றியத்தில் சட்டப்படி வதியும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு உண்டு என்றது. நிலையான விலாசமில்லாதவரையும் புகலிடங் கோருவோரையும் அதிற் சேர்த்தது. ஜேர்மனி 2016 இல் அதைத் தன் சட்டமாக்கியது. கனடாவில் சட்டப்படி, தக்க அடையாளம் காட்டுபவருக்கு வேலையில்லை என்பதற்காகவோ, இடுவதற்குப் பணமில்லை என்பதற்காகவோ வங்கி கணக்கை மறுக்க முடியாது. பிரித்தானியாவிலும் 2015 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் கீழ் ஒன்பது பெரிய வங்கிகள் அடிப்படைக் கணக்கு வழங்கக் கடமைப்பட்டன. ஒரு கையால் உரிமை கொடுத்து மறு கையால் பட்டியல் நீட்டும் முரண்பாடு அங்கேதான் இருக்கிறது.

நம் வீட்டு வரலாறு

கடதாசி கேட்டு மனிதனை இல்லாதவனாக்கும் வித்தையை நாம் இலண்டனில் கற்கவேண்டியதில்லை. விண்ட்றஷ் கப்பல் கரை சேர்ந்த அதே 1948 ஆம் ஆண்டிலேதான் இலங்கைப் பாராளுமன்றம் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை இயற்றியது. தேயிலைக்கும் றப்பருக்கும் தம் தலைமுறைகளைத் தந்த மலைநாட்டுத் தமிழர் அதனால் நாடற்றோராயினர். மறு ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்ததை எழுத்திலே நிரூபி என்றது. லயத்து அறையிலே பிறந்து, பிறப்புப் பதிவும் இல்லாது வளர்ந்தவன் எதைக் கொண்டு நிரூபிப்பான்? 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. அத்தவறுக்கு முடிவு காண 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தமிழக முகாம்களிலிருந்து மீண்டு வந்தோரிலும் பலர் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இன்றி அலைந்திருக்கின்றனர். அடையாள அட்டை இல்லையேல் இங்கும் வங்கிக் கணக்குப் பெறுவது கடினம். பிறநாட்டிலே நியாயம் கேட்கும் நாம், இந்நாட்டிலும் அதே நியாயத்தைக் கேட்காது இருத்தல் தகுமா?

செய்யத்தக்கன

புறப்படுவோருக்கு ஒன்று கூறுவோம். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, கல்விச் சான்று ஆகியவற்றின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளோடு செல்லுங்கள். காணி விற்ற பணமாயின் விற்பனை உறுதியையும், வங்கி வழியாக வந்ததைக் காட்டும் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். அந்நிய வங்கி ஒருநாள் அதைக் கேட்கக்கூடும். நிரந்தரமாகப் புலம்பெயர்வோர் தம் சொத்தின் பணத்தை இங்கிருந்து அனுப்ப 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாக் கணக்கு என்ற வழி உண்டு. உண்டியலை நாடுமுன் வங்கியிலே விசாரியுங்கள். போய்ச் சேர்ந்ததும் வங்கி மறுத்தால் வாய்பேசாது திரும்பாதீர்கள். மறுப்பின் காரணத்தை எழுத்திலே கேளுங்கள். அடிப்படைக் கணக்கு என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முறையிட வழியுண்டா என்று விசாரியுங்கள்.

பிறநாடுகளில் வேரூன்றிவிட்ட நம்மவருக்கும் ஒன்று கூறுவோம். உங்களுள் சட்டத்தரணிகள் இருக்கின்றனர், கணக்காளர் இருக்கின்றனர், நகரசபை உறுப்பினரும் இருக்கின்றனர். நேற்று வந்தவனுக்குச் சோறிடும் பண்பு உங்களிடம் குறையவில்லை என்பதை அறிவோம். அவனோடு வங்கி வாசல் வரை சென்று அவனுக்காகப் பேசுவதும் அப்பண்பின் பகுதியே.

அரசாங்கங்களிடம் நாம் கேட்பது சலுகையன்று. எல்லையைக் காக்க எல்லையிலே உத்தியோகத்தரை வையுங்கள். உழைத்துச் சேர்த்த காசைப் பாதுகாப்பாக வைக்க ஓரிடம் தாருங்கள். கணக்கை மூடுமுன் உரியவனுக்கு அறிவித்தலும், அவன் விளக்கத்தைக் கேட்டலும், பிழை நேர்ந்தால் நட்டஈடு கொடுத்தலும் சட்டத்திலேயே எழுதப்படவேண்டும். இம்மூன்றும் இல்லாத வரை, பட்டியலில் தவறி விழுந்த ஒரு பெயர் ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்தக்கூடும். அக்குடும்பத்தின் ஒரு பாதி நம் ஊர்களிலே இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.