லைஃப்ஸ்டைல் என்றொரு குற்றச்சாட்டு

என் பெரியம்மா கடலூர் முதுநகரில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் பத்து மணிக்குத்தான் அணைப்பார். சர்க்கரை வந்து 16 வருஷம் ஆகிறது, பிரஷர் அதற்குக் கொஞ்சம் பிறகு. மூட்டுவலி எப்போது தொடங்கியது என்று அவருக்கே ஞாபகமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கிட்னியும் சேர்ந்துகொண்டது. போன ஆவணியில் ஒருநாள் எட்டரை மணி வாக்கில் தோசைக்கல்லுக்கு முன்னாலேயே மயங்கிவிட்டார். நல்லவேளை, பின்பக்கமாகச் சரிந்தார். சுகர் 48.

நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்த மறுநாள் அவரை சிதம்பரத்துக்கு அழைத்துப் போனேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நின்று நின்று போகிற பஸ். மருத்துவமனையில் என்னைவிட வயதில் சின்ன டாக்டர். ஃபைலைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “லைஃப்ஸ்டைல மாத்தாம மாத்திரை மட்டும் என்ன சார் பண்ணும்?” பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும், “நாந்தான் தம்பி ஒழுங்கா இல்ல” என்றார்.

62 வயதில், நாற்பது வருஷமாக ஊருக்கு முன்னால் எழுந்து வேலை செய்கிற ஒரு மனுஷி, ஒழுங்கா இல்லை என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கிறார். யார் அவரை அப்படிச் சொல்லவைத்தது? அந்த டாக்டர் மட்டுமல்ல. ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு அவருக்குக் கிடைப்பது மூன்று நிமிஷம். அந்தச் சொல்தான் சொல்லவைத்தது. ‘வாழ்க்கைமுறை நோய்’ என்று நாம் சர்வசாதாரணமாக எழுதுகிறோம். நீ இப்படி வாழ்ந்தாய், அதனால் உனக்கு இது வந்தது என்பதுதான் அதன் பொருள். நோயின் பெயரிலேயே தீர்ப்பும் எழுதியிருக்கிறது.

பழக்கவழக்கம் முக்கியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. புகையிலையும் உப்பும் உட்கார்ந்தே கிடப்பதும் என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கே ஹெச்பிஏ1சி 6.1. நாளுக்குப் பதினோரு மணிநேரம் நாற்காலியில் இருக்கிறேன், ராத்திரி ரிலீஸ் என்றால் ஸ்விக்கி பிரியாணி. ஆனால் என்னை யாரும் ‘ஒழுங்கில்லாதவன்’ என்று சொன்னதில்லை. கம்பெனி வருஷா வருஷம் ஃபுல் பாடி செக்கப் செய்துவைக்கிறது. பத்தாயிரம் ஸ்டெப்ஸ் போட்டி வைத்து எனக்கொரு தண்ணீர் பாட்டில் பரிசும் கொடுத்தது. என் கெட்ட பழக்கத்துக்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்று கௌரவமான பெயர் உண்டு. பெரியம்மா பழையசோறு சாப்பிட்டால் அது அறியாமை.

நானும் இதில் குற்றவாளிதான். இரண்டு தீபாவளிக்கு முன்னால் அவருக்கொரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கிக் கொடுத்தேன். “தினம் நடக்கணும் பெரியம்மா, ஒக்காந்தே இருக்கக் கூடாது” என்று அறிவுரை வேறு. முதல்நாள் காலை பத்து மணிக்கு எடுத்துப் பார்த்தால் ஒன்பதாயிரத்துச் சொச்சம் காட்டியது. எட்டடி அகலக் கடைக்குள்ளே. அதற்கப்புறம் நடக்கச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

ஒரே ஒரு நோய் இருந்தால் இந்த அறிவுரைகளை எப்படியாவது கடைப்பிடித்துவிடலாம். நாலு நோய் சேர்ந்தால்தான் கூத்து ஆரம்பிக்கிறது. சர்க்கரை டாக்டர் சோற்றைக் குறைத்து சுண்டல், பயறு, கீரை சாப்பிடச் சொன்னார். கிட்னி டாக்டர் பயறைக் குறைக்கச் சொன்னார், கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டச் சொன்னார், வாழைப்பழமும் இளநீரும் கூடாது என்றார். ஒருவர் நடக்கச் சொன்னார், எலும்பு டாக்டர் முட்டிக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். இதற்கு நடுவில் மெடிக்கலில் ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பாக வாங்கிப் போட்ட வலி மாத்திரை, பிரஷரையும் ஏற்றி கிட்னியையும் அரித்துக்கொண்டிருந்தது. “வேற என்ன மாத்திரை சாப்புடுறீங்க?” என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்ப்பேன். ஒவ்வொரு மாட்யூலும் தனித்தனியாக டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். சேர்த்து ஓடவிட்டால் சர்வர் படுத்துவிடும். யாரைக் கேட்டாலும், “என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு.”

இது கடலூரில் மட்டும் நடப்பதில்லை. 2005-ல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் சிந்தியா பாய்டும் சக ஆய்வாளர்களும் 79 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்தார்கள். ஐந்து நாள்பட்ட நோய்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ள வழிகாட்டு நெறிகளை அப்படியே பின்பற்றினால் அவர் 12 மருந்துகளை, நாளுக்கு 19 தடவையாக, ஐந்து வேளைகளில் பிரித்துச் சாப்பிட வேண்டும். உணவுக் கட்டுப்பாடு தனி. அந்தக் கற்பனைப் பாட்டிக்கு இட்லிக் கடை வேறு இருந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

2012-ல் லான்செட்டில் ஸ்காட்லாந்தின் பதினேழரை லட்சம் நோயாளிகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் சேர்ந்து வருவது, மிக ஏழ்மையான பகுதிகளில் வசதியான பகுதிகளைவிட பத்திலிருந்து பதினைந்து வருஷம் முன்னாடியே தொடங்கிவிடுகிறது. ஏழைகள் பதினைந்து வருஷம் முன்னாலேயே ஒழுக்கம் கெடுகிறார்கள் என்றா இதற்கு அர்த்தம்?

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதுநகரிலிருந்து சிதம்பரம் சாலையில் தெற்கே போனால், உப்பனாற்றை ஒட்டி சிப்காட். 2004-ல் சுற்றுவட்டார கிராமத்து ஆட்களே வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காற்றை மூச்சுவிடுவது யாருடைய பழக்கம்? நாள்பட்ட நோய்களுக்குப் புகையிலை, மது, உணவு, உடலுழைப்பின்மை என்று நான்கு காரணங்களைத்தான் உலகம் வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தது. நான்குமே உன் கையில் இருப்பதாகச் சொல்லத் தோதானவை. காற்று மாசை ஐந்தாவதாக ஐ.நா. சேர்த்தது 2018-ல்தான். நெல்லிக்குப்பம் பக்கம் வெயிலில் கரும்பு வெட்டுகிறவரைப் பாருங்கள். நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் இதே கரும்புத் தொழிலாளிகளுக்கு, சர்க்கரையோ பிரஷரோ இல்லாமலே கிட்னி போனது. முக்கிய சந்தேகம், வெப்பமும் தண்ணீர் குடிக்க நேரம் தராத வேலையும். அங்கே ஆலைகளில் தண்ணீர், ஓய்வு, நிழல் என்று மூன்றைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். லைஃப்ஸ்டைல் வகுப்பு எடுத்து எந்தக் கிட்னியைக் காப்பாற்ற முடியும்?

‘அப்போ பழக்கத்தை மாத்தவே முடியாதா?’ என்று கேட்பீர்கள். முடியும். ஃபின்லாந்தின் வடக்கு கரேலியாவில் 1972-ல் செய்தார்கள். மாரடைப்பில் ஆண்கள் கொத்துக்கொத்தாகச் செத்த மாகாணம் அது. பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் போனார். அவரும் பிரசங்கம் பண்ணினார்தான், ஆனால் அதோடு நிற்கவில்லை. பால் பண்ணைகளிடம் பேசினார், கொத்திறைச்சி தயாரிப்பவர்களிடம் உப்பையும் கொழுப்பையும் குறைக்கச் சொன்னார், பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து சமையலை மாற்றினார், மாட்டுப் பண்ணைக்காரர்கள் பெர்ரி பயிரிட வழி தேடினார். சில பத்தாண்டுகளில் வேலைசெய்யும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் எண்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நம் ரேஷன் கடையில் 2011-லிருந்து அரிசி இலவசம். பசியை அது விரட்டியது, அதைக் குறை சொல்கிறவன் பட்டினியைப் பார்க்காதவன். கேழ்வரகு கொடுப்பதை 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் தொடங்கினார்கள், இரண்டு கிலோ. கரேலியாக்காரர்கள் பார்த்தால் ‘ஆரம்பம்’ என்பார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்த வள்ளலார், ‘நித்திய கரும விதி’ என்று ஒன்று எழுதியிருக்கிறார். எப்போது எழுவது, எப்படிப் பல் துலக்குவது, எவ்வளவு சாப்பிடுவது என்று எல்லாம் அதில் உண்டு. இன்றைய எந்த வெல்னஸ் ரீல்ஸும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அதே ஆள்தான் 1867-ல் வடலூரில் தருமச்சாலை அடுப்பைப் பற்றவைத்தார். பசியைப் பிணி என்றார், பசித்தவனுடைய பழக்கம் என்று சொல்லவில்லை. அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. விதியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டு ஃபார்வர்டு பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அரசைத் திட்டி முடித்துவிடலாம் என்றால் அதுவும் நியாயமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பெரியம்மா வீட்டு வாசலுக்கு மாதாமாதம் மாத்திரை கொண்டுவருகிறது. 2020-ல் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் பிரஷர் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. அடுத்த கணக்கெடுப்பில் 17. இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் நூற்றில் 83 பேர் மிச்சம். அந்த 83 பேரும் சோம்பேறிகள் என்று நம்ப நான் தயாரில்லை.

பெரியம்மா மயங்கியதற்கு வருகிறேன். சர்க்கரை மாத்திரை அட்டையில் ‘காலை உணவுக்கு முன்’ என்று இருந்தது. அவர் சொன்னபடி கேட்பவர். ஏழு மணிக்குப் போட்டுக்கொண்டார், 16 வருஷமும் அப்படித்தான். கிட்னி தளர்ந்த உடம்பில் அந்த மருந்து இன்னும் நேரம் தங்கும், சர்க்கரையை இன்னும் கீழே இழுக்கும். ஒழுங்கா இல்லாததால் விழவில்லை, ஒழுங்காக இருந்ததால் விழுந்தார்.

அதைக் கண்டுபிடித்தது நானுமில்லை, சிதம்பரத்து ஃபைலுமில்லை. மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலப் பெண். மயங்கிய சேதி கேட்டு, கடைத் திண்ணையில் உட்கார்ந்து மஞ்சப்பையைக் கவிழ்த்து, எல்லா ஸ்ட்ரிப்பையும் பரப்பிப் பார்த்திருக்கிறார். வலி மாத்திரையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, “டாக்டரம்மாகிட்ட காட்டணும்” என்றாராம். அப்புறம் ஒரு கேள்வி.

“காலையில எத்தன மணிக்கும்மா சாப்புடுவீங்க?”

“யாவாரம் முடிஞ்சி, பாத்திரம் தேச்சிட்டு... ஒரு பத்தர ஆவும்மா.”

அந்தப் பெண் பேனாவை எடுத்து அட்டையின் ஓரத்தில் 10.30 என்று எழுதிக்கொண்டாராம்.