நொச்சி காவல் காக்குமா?

புறத்திணைகளில் நொச்சி என்று ஒன்று உண்டு. கோட்டைக்குள் இருந்து மதிலைக் காக்கும் வீரர்கள் சூடிய பூ அது. அதே நொச்சிக் கன்றைத்தான் 2010களில் சென்னை மாநகராட்சி கொசுவை விரட்ட வீடுகளுக்குக் கொடுத்தது. மதில் காத்த செடி ஜன்னல் காக்க வந்துவிட்டது!

காக்கிறதா என்பதுதான் கேள்வி.

நொச்சி இலைக்கு ஒரு காரமான வாடை உண்டு. நெல்லில் பூச்சி விழாமல் இருக்க கிராமங்களில் அதைப் போட்டு வைப்பார்கள். மாட்டுத் தொழுவத்தில் சாயங்காலம் நொச்சி, வேம்பு, தும்பை என்று கையில் கிடைத்த இலையைப் போட்டு மூட்டம் போடுவார்கள். இலையைப் பறித்துப் பயன்படுத்தினார்களே தவிர, செடியை நட்டுவிட்டுச் சும்மா உட்காரவில்லை. கொசுவுக்கு ஆகாதது இலைக்குள் இருக்கும் எண்ணெய். கசக்கினாலோ எரித்தாலோதான் அது போதுமான அளவு வெளியே வரும். நர்சரியில் 'கொசு விரட்டும் செடி' என்று விற்பதற்கும் இதே கதைதான். மூட்டமும் திறந்த தொழுவத்துக்குச் சரி. பூட்டிய படுக்கையறையில் போட்டால் கொசுவுக்கு முன்னால் மனிதருக்கு மூச்சு முட்டும்.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. ஓரளவு சுத்தமான தேங்கிய தண்ணீர்தான் அதற்கு வேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு அதற்கு ரொம்பப் பிடித்த இடம். கொசுவை விரட்ட வைத்த நொச்சித் தொட்டியே கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி! தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. விளிம்பில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

அதற்காக நாட்டுச் செடிகள் எல்லாம் வீண் என்று சொல்வதும் தப்பு. வேம்பில் இருக்கும் அசாடிராக்டின், கொசுப்புழு வளர்ந்து கொசுவாவதைத் தடுக்கும். 1990களில் மதுரையிலுள்ள மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தினர் வேப்பம் பொருட்களை நெல் வயலில் போட்டு, நீர்ப் பாய்ச்சும் முறையையும் மாற்றிச் சோதித்தார்கள். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கொசுக்களின் புழுக்கள் குறைந்தன. செடி ஜெயித்த இடம் வாசல் அல்ல, தண்ணீர்.

மாநகராட்சி அடுத்த முறை கன்று கொடுக்கும்போது கூடவே ஒரு தேங்காய் நாரும் கொடுக்கலாம், தட்டைத் தேய்க்க.